தம்பி மாத்திரையை விட்ட நூறாவது நாள்

1

புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்தது. என் தம்பி சீனிவாசன் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு திருவண்ணாமலைப் படிக்கட்டில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். தீபம் ஏற்றும் திருவண்ணாமலை என்று நினைத்துவிட வேண்டாம். இது ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் பெருமாள் மலை. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதுதான் திருவண்ணாமலை. தம்பிக்குப் பக்கத்தில் அவன் மனைவி மகேஸ்வரி. படத்துக்குக் கீழே அவள் எழுதியிருந்தாள்: 'அவிய மாத்திரைய விட்டு இன்னையோட நூறு நாள். பெருமாளுக்கு நேந்துக்கிட்டத முடிச்சாச்சு.'

எனக்கு வயிறு எரிந்தது.

அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடு, கைதட்டல், பூங்கொத்து. ராஜபாளையத்து மாமா போட்டிருந்தார். மதுரைச் சித்தி போட்டிருந்தாள். காலை வணக்கம் தவிர வேறெதுவும் அனுப்பாத பெரியப்பா மகன்கூட 'வாழ்த்துகள் ஹவில்தார்' என்று எழுதியிருந்தார். என் மகள் நித்யா இங்கே கனடாவில் வேறொரு ஊரில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அந்தக் குழுவை அவள் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். அவளும் வந்து ஆங்கிலத்தில் நாலு வரி எழுதி, கடைசியில் தமிழில் 'சித்தப்பா கிரேட்' என்று முடித்திருந்தாள். எனக்கு அவள் கடைசியாக அனுப்பிய செய்தியில் கார் இன்சூரன்ஸ் அட்டையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருந்தாள். நானும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

சீனி பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று, தேவதானத்தில் தென்னையும் மாவும் வைத்திருக்கிறான். சாராயம் தொட்டதில்லை, பீடி குடித்ததில்லை. முதுகு வலிக்கென்று டாக்டர் சீட்டில் எழுதித் தரும் வகை மாத்திரைதான் அவனைப் பிடித்துக்கொண்டது. வலி போன பிறகும் மாத்திரை போகவில்லை.

அதே சாதி மாத்திரையை நானும் எட்டு வருடமாக இந்தக் கனடாவில் விழுங்கிக்கொண்டிருக்கிறேன். என் மனைவி பார்வதிக்கு, நான் வலிக்கு ஏதோ சாப்பிடுகிறேன் என்று தெரியும். எத்தனை என்று தெரியாது. குழுவில் யாருக்கும் எதுவும் தெரியாது. பூங்கொத்தெல்லாம் அவனுக்கு.

2

எட்டு வருடத்துக்கு முன் ஒரு பனிக்காலக் காலையில் வேலை செய்யும் கிடங்கின் வாசலில் வழுக்கி விழுந்தேன். இடுப்புக்கு மேலே முதுகெலும்பில் தட்டு விலகிவிட்டது என்றார்கள். இங்கே டாக்டர் முதலில் கேட்பது, வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று. நம் ஊரில் 'உசுரு போகுது டாக்டர்' என்றால் போதும். இங்கே மார்க் போட வேண்டும். முதல் தடவை நிஜமாகவே எட்டு என்றேன். பிறகு அது ஆறாயிற்று, நாலாயிற்று. நான் எட்டு என்றே சொல்லி வந்தேன். எட்டு என்றால் சீட்டு எழுதுவார் என்று தெரிந்துகொண்டேன்.

அந்த டாக்டர் இந்த வருடம் ஓய்வு பெற்றார். புதிதாக வந்த பெண் டாக்டர், தம்பியின் படம் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, என் விவரங்களைக் கணினியில் மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துவிட்டு, 'மாத்திரை மாதம் முழுக்க வருகிறதா?' என்று கேட்டார். இருபதாம் தேதியே தீர்ந்துவிடுகிறது என்று சொல்லிவிட்டேன். அதட்டிக் கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன். அவர் சாதாரணமாகக் கேட்டார். சட்டென்று நிறுத்துவது ஆபத்து, நிறுத்தவும் சொல்லமாட்டேன் என்று சொல்லி, இரண்டு வழிகளைக் காட்டினார். ஒன்று, நகரத்துக்கு வெளியே ஒரு நிலையத்தில் நாலு வாரம் தங்கிச் சிகிச்சை. இன்னொன்று, வீட்டிலேயே இருந்துகொண்டு தினமும் காலையில் மருந்துக் கடைக்குப் போய், மருந்தாளுநரின் கண் முன்னால் பழையதற்குப் பதிலாக, அந்த ஏக்கத்தை அடக்கும் வேறொரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக் கரைத்துவிட்டு வருவது. வாரம் ஒரு நாள் ஆலோசகரைப் பார்க்க வேண்டும்; அவ்வப்போது சிறுநீர்ப் பரிசோதனை உண்டு.

'இரண்டும் நல்ல வழிதான். எதில் நீங்கள் விடாமல் வருவீர்கள் என்று யோசித்து அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்' என்று கையில் ஒரு படிவத்தைக் கொடுத்தார். பதினொரு பக்கம். வருகிற வழியில் காரிலேயே புரட்டினேன். வீட்டில் இருந்து சிகிச்சை பெறுகிறவர்களுக்கான பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. சில வாரம் போனதும் மருந்தை வீட்டுக்கே தருவார்களாம். அதைப் பூட்டி வைத்து எடுத்துக் கொடுக்கும் நபரின் பெயர், உறவுமுறை, கையெழுத்து.

ஆங்கிலத்தில் அந்த டாக்டரிடம் நான் இந்த மாத்திரைக்கு அடிமை என்று சொல்வது எனக்குக் கஷ்டமாக இல்லை. அந்த மொழியில் எனக்கு மானம் போவதற்கு ஆள் கிடையாது. வீட்டில் தமிழில் எந்த வார்த்தையைச் சொல்லி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

3

தம்பிமேல் எதற்குப் பொறாமை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவன் பார்த்த டாக்டரும் இதே இரண்டு வழிகளைத்தான் சொன்னாராம். மதுரையில் தங்கிப் பார்க்கலாம், அல்லது வாரா வாரம் வந்துபோகலாம். மகேஸ்வரி அங்கேயே முடிவைச் சொல்லிவிட்டாள். 'பட்டாளத்துல பாதி ஆயுசு போச்சு. இன்னொரு எடத்துல கொண்டுபோய்ப் போட மாட்டேன். வீட்டுல கெடக்கட்டும், நான் பாத்துக்கிடுதேன்.' அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமை தோறும் இரண்டு பேரும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் வருகிறார்கள். மருந்து பீரோவில். சாவி அவளிடம். காலையும் மாலையும் தானே எடுத்துக் கொடுத்து, முழுங்கியாயிற்றா என்று வாயைத் திறந்து காட்டச் சொல்கிறாள். துப்பாக்கி பிடித்த மனிதன் ஆவென்று வாயைத் திறந்து காட்டுகிறான்.

அது மட்டுமென்றால் பரவாயில்லை. பழைய மாத்திரை கிடைக்கிற இடங்களை அடைத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், மகேஸ்வரி வேறொரு காரியம் செய்தாள். மிலிட்டரி கேன்டீன் கார்டுக்காக சீனி எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படங்கள் ஒரு கவர் நிறைய மிச்சம் இருந்தன. அதை எடுத்துக்கொண்டு தேவதானம், சேத்தூர், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று மெடிக்கல் கடை மெடிக்கல் கடையாக ஏறி இறங்கினாள். 'இது எங்க வீட்டு ஆளு. வலி மாத்திரை கேட்டா இல்லன்னுருங்க. பல்லு வலின்னு வருவாவ, நம்பிராதிய.' ஒரு கடையில் அந்தப் படத்தை மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே வைத்துவிட்டார்களாம். கன்றுக்குட்டிப் புண்ணுக்கு மருந்து வாங்கப் போனவனைக் கடைக்காரர் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, 'அண்ணாச்சி, ஒங்களுக்கு ஒண்ணும் கெடையாது' என்று அனுப்பிவிட்டார்.

இதையெல்லாம் சீனி போனில் மானம் போன கதையாகத்தான் சொன்னான். ஊரில் பட்டப்பெயர்கூட வைத்துவிட்டார்களாம். எனக்கோ கேட்கக் கேட்கக் காதில் புகை வந்தது. என் படத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு கடைப்படி ஏற எனக்கு யார் இருக்கிறார்கள்? நான் மாதா மாதம் போகிற மருந்துக் கடையில் என் பெயரை ஒருமுறைகூடச் சரியாகக் கூப்பிட்டதில்லை. பட்டப்பெயர் வைக்கவும் ஆளில்லை. அவன் விழுந்தான், ஒரு தாலுகாவே சேர்ந்து தூக்கியது. நான் எட்டு வருடமாக விழுந்து கிடக்கிறேன், தாண்டிப் போகிறார்கள். இப்படித்தான் அன்றைக்கு நினைத்தேன். நான் விழுந்ததை யாரிடமும் சொல்லவே இல்லை என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை.

4

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் இதை எழுதவே எனக்கு யோக்கியதை இல்லை.

நாலு வருடத்துக்கு முன் ஊருக்குப் போனபோது, வழக்கம்போல முதல் நாளே பெட்டி திறந்தோம். வெளிநாட்டிலிருந்து வருகிறவன் பெட்டி திறப்பது எங்கள் பக்கத்தில் ஒரு வைபவம். சொந்தக்காரர்கள் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். சாக்லேட், சோப்பு, சென்ட் பாட்டில் எல்லாம் போன பிறகு, வயதானவர்கள் மெதுவாக ஆரம்பிப்பார்கள். 'மூட்டுக்கு ஏதும் பாரின் மாத்திரை வச்சிருக்கியா?' பாரின் மாத்திரை என்றால் வீரியம் அதிகம் என்று ஒரு நம்பிக்கை. நாமும் பெரிய மனிதராக எதையாவது எடுத்துக் கொடுப்போம். யாருடைய வியாதி என்ன, மாத்திரை எதற்கானது என்றெல்லாம் யார் பார்க்கிறார்கள்? தைலம் கொடுப்பதுபோலக் கொடுப்பதுதான்.

சீனி ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டுதான் எழுந்தான். அன்று தேங்காய் ஏற்றியிருந்தான். எனக்கு மனசு கேட்கவில்லை. என் டப்பாவிலிருந்து பத்து மாத்திரையை ஒரு காகிதத்தில் மடித்து அவன் சட்டைப் பையில் வைத்தேன். மறுநாள் காலையில் வந்து, 'அண்ணே, பத்து வருசத்துல நேத்துதான் முதுகுன்னு ஒண்ணு இருக்கதே தெரியாமப் படுத்தேன்' என்றான். எனக்கு அவ்வளவு சந்தோஷம். நான் திரும்பி வந்த பிறகு, அந்தப் பெயரை எழுதி எடுத்துக்கொண்டு, அதற்கு ஒன்றுவிட்ட சொந்தமான மாத்திரையை அவன் அங்கேயே தேடிப் பிடித்துவிட்டான்.

இந்த ஜூன் மாதம் விஷயம் வெளியே வந்தபோது மகேஸ்வரி எனக்கு போன் செய்து அழுதாள். 'மொதல்ல யாரு குடுத்தான்னு டாக்டர் கேட்டாரு. இவிய ஞாவகம் இல்லங்காவ. எந்தப் பாவி குடுத்தானோ, அவன் வெளங்கவே மாட்டான் அத்தான்' என்றாள்.

'ஆமாம்மா' என்றேன்.

தம்பி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பெருந்தன்மையும் அவனுக்கே போய்விட்டது. அதற்கும் சேர்த்து அவன்மேல் எரிச்சல் வந்தது என்றால் நான் எப்படிப்பட்ட ஆள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

5

நூறாவது நாள் படம் வந்த அன்று மாலையே நான் ஒரு முடிவுக்கு வந்தேன். தங்கிச் சிகிச்சை. நாலு வாரம். பார்வதியிடம், ஊரில் அப்பா பெயரில் இருக்கும் வீட்டுப் பத்திர வேலை இருக்கிறது, நாலு வாரம் போய்வருகிறேன் என்று சொன்னேன். இங்கிருந்து முக்கால் மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் நிலையத்துக்குப் போவதற்கு, இருபது மணி நேர விமானப் பயணம் என்று ஒரு பொய். பார்வதி முதியோர் இல்லத்தில் நர்ஸ். தினம் முப்பது பேருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிற வேலை. களைத்து வந்திருந்தாள். 'நல்லதுங்க, போய்ட்டு வாங்க. கொழுந்தனாரையும் பாத்த மாதிரி இருக்கும்' என்றாள்.

பொய்யை நான் அரைகுறையாகச் செய்யவில்லை. ஊருக்குப் போய் வந்ததற்கு அடையாளம் வேண்டுமல்லவா? இங்கே நகரத்துக்குள் ஒரு தமிழ்க் கடையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா விற்கிறார்கள். போன் போட்டு, நாலு வாரம் கழித்து ஒரு கிலோ இருக்குமா என்று கேட்டு வைத்தேன். வீட்டுக்குள் நுழையும்போது கையில் பால்கோவா இருந்தால் எந்தப் பெண்டாட்டியும் பாஸ்போர்ட்டைக் கேட்கமாட்டாள் என்பது என் கணக்கு.

6

ஞாயிற்றுக்கிழமை காலையில் சீனியே கூப்பிட்டான். அங்கே சாயங்காலம். தோப்பில் இருந்தான்.

'என்னண்ணே, படத்துக்கு ஒரு கும்பிடு போட்டதோட சரி. போனு கீனு இல்லையே.'

'வேலைலே.'

'ஞாயித்துக்கெழமை என்ன வேலை?'

பேச்சை மாற்றுவதற்காக, ஆரம்பத்தில் ரொம்பக் கஷ்டமாக இருந்ததா என்று கேட்டேன்.

'மொத வாரம் காலு ரெண்டையும் துணி பிழியுத மாதிரி யாரோ பிழிஞ்சாங்க. மருந்து பிடிக்கவும் கொறஞ்சது. ஒனக்குத் தெரியாததா?'

'எனக்கு எப்படிலே தெரியும்?'

'அண்ணே, அன்னைக்குப் பெட்டியத் தொறந்து சாக்லேட்ட அள்ளிக் குடுத்தே. சோப்ப அள்ளிக் குடுத்தே. மாத்திரைய மட்டும் எண்ணிக் குடுத்தே. எண்ணிட்டு, இன்னொருக்க எண்ணுனே. அப்ப எனக்கு வெளங்கல. பொறவு நானும் எண்ண ஆரம்பிச்ச பொறவுதான் வெளங்குச்சு.'

சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தேன். பார்வதி டியூட்டிக்குப் போயிருந்தாள்.

'ஏம்லே அப்பமே கேக்கல?'

'நீ மூத்தவன்லா. நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன்.'

'நான்தானலே ஒனக்கு மொதல்ல குடுத்தது.'

'குடுத்தே. தேடிப் போய் வாங்கித் தின்னது நானு. அத விடு.'

'மகேசுகிட்ட ஏன் சொல்லல?'

'சொன்னா ஒரு வாரம் ஒன்னய ஏசுவா. பொறவு ஒனக்கும் சேத்து நேந்துக்கிட்டு எனக்கு ரெண்டாவது மொட்டையப் போட்ருவா.'

இருவரும் சிரித்தோம். சிரிப்போடு சிரிப்பாக என் திட்டத்தையும் சொன்னேன். பத்திர வேலை, நாலு வாரம், பால்கோவா. பால்கோவா என்றதும் அவன் சிரிப்பு நின்றது.

'மதினி நம்ம செட்டியார்பட்டிக்காரி, பால்கோவா தின்னு வளந்தவிய. டப்பாவுல அடைச்ச பால்கோவாவ நாக்குல வச்சதுமே பிடிச்சிருவாவ. அத விடு. தங்கிப் பாக்குததும் நல்ல வைத்தியந்தான், எங்க டாக்டரே சொன்னாரு. ஆனா நீ அங்க வைத்தியத்துக்குப் போகலண்ணே. ஒளியப் போறே.'

'ஒனக்கென்னலே. ஒம் பொண்டாட்டி ஊரையே தெரட்டிட்டா.'

'தன்னால தெரட்டுனாளா? நான் போய்ச் சொன்னேன். மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தா. பின்னாடியே போய் நின்னு, என்னால அது இல்லாம முடியலட்டின்னேன். வாளியக் கீழ வச்சா. எம்புட்டு நாளான்னு மட்டும் கேட்டா. அம்புட்டுதான். மத்ததெல்லாம் அதுக்குப் பொறவு வந்தது.'

போனை வைத்த பிறகும் அவன்மேல் பொறாமை போகவில்லை. எதற்குப் பொறாமை என்பது மட்டும் மாறியிருந்தது. எனக்கு மூன்று வயது இளையவன், மாட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு சொல்லிவிட்டான்.

7

வியாழக்கிழமை மாலை, பெரிய கடை ஒன்றின் கார் நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தினாள் பார்வதி. இந்த ஊரில் குடும்பப் பேச்செல்லாம் காரில்தான் நடக்கிறது. ஊருக்குக் கொண்டுபோகச் சாமான் வாங்க வந்திருந்தோம். கையில் பட்டியல் வைத்திருந்தாள். மகேஸ்வரிக்குக் கைப்பை, மாமாவுக்கு ஸ்வெட்டர், பொதுவாகச் சாக்லேட். பெட்டியைப் பாதி அடுக்கிவிட்டிருந்தாள். மறுநாள் வெள்ளிக்கிழமை, டாக்டர் வைத்த கெடு.

சீட் பெல்ட்டைக் கழற்றிக் கதவில் கை வைத்தவளிடம், 'நான் ஊருக்குப் போகலை' என்றேன்.

'டிக்கெட் கிடைக்கலையா?'

'டிக்கெட்டே போடலை.'

பிறகு சொன்னேன். எட்டு என்று மார்க் போட்டதிலிருந்து ஆரம்பித்து, ஒரு நாளைக்கு எத்தனை, டாக்டர் என்ன சொன்னார், எங்கே ஒளியப் பார்த்தேன், வீட்டிலிருந்தே சிகிச்சை பெற நாளைக்குள் படிவத்தில் அவள் கையெழுத்து வேண்டும் என்பது வரை. சீனிக்கு நான் கொடுத்த பத்து மாத்திரையையும், அவன் மகேஸ்வரியிடம் தானே போய்ச் சொன்னதையும் சொன்னேன். தமிழில் வார்த்தை தேடித் தேடிச் சொன்னதில் பாதி உளறலாக வந்தது. மழை தூறியது. முன் கண்ணாடி முழுக்க நனைந்து வெளியே எதுவும் தெரியவில்லை. அவள் வைப்பரைப் போடவில்லை.

'அப்போ மாசக் கடைசியில ஒங்களுக்கு வர்ற சளி?' என்றாள்.

அது சளி இல்லை. மாத்திரை தீர்ந்துபோன நாட்களில் மூக்கு ஒழுகும், உடம்பு முறுக்கும், கண்ணில் நீர் வடியும். ஃப்ளூ என்று சொல்லிப் போர்வையைப் போர்த்திக்கொள்வேன். ஆமாம் என்று தலையாட்டினேன்.

'எட்டு வருசமா மாசா மாசம் மிளகு ரசம் வச்சிருக்கேன்.' அவள் குரல் உயரவில்லை. 'அங்க முப்பது பேருக்கு முழுங்கியாச்சான்னு பாத்துப் பாத்துக் கொடுக்கிறேன். என் வீட்டுல எனக்குக் கண்ணில்லாமப் போச்சு பாருங்க. ஏங்க, இந்தக் கையால கொடுத்தா நீங்க வாங்கியிருக்க மாட்டீங்களா?'

எனக்கு அழுகை வந்தது. அவளும் அழுதாள். சாமான் வண்டி தள்ளிக்கொண்டு போன ஒரு பெண் எங்களைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல நகர்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, 'அந்தப் பேப்பரக் கொடுங்க' என்றாள். உள்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பதினொரு பக்கத்தையும் வேலை இடத்துச் சீட்டுகளைப் படிப்பதுபோல வரி வரியாகப் படித்தாள். தினமும் காலையில் எந்த மருந்துக் கடை, எத்தனை மணி என்று கேட்டாள். எட்டு மணி என்றேன். டியூட்டியை மாற்றிக்கொள்கிறேன் என்றாள். சாமான் பட்டியல் எழுதிய பேனாவால் அந்தக் கட்டத்தில் பெயர் எழுதி, உறவுமுறைக்கு நேரே மனைவி என்று எழுதி, கையெழுத்துப் போட்டாள்.

படிவத்தை வாங்கி மடித்துக்கொண்டே, அவளைத் தேற்றுவதாக நினைத்து, 'மகேஸ்வரி மாதிரி நீயும் என் படத்தைத் தூக்கிக்கிட்டுக் கடைகடையா அலைய வேண்டி வரும்' என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள்:

'மகேஸ்வரி கொடுத்து வச்சவ. அவ புருசன் தானாவே அவகிட்ட வந்து சொன்னாரு. நீங்க நாளைக்குக் கையெழுத்து வேணுங்கிறதால சொல்றீங்க.'